சொட்டாத வண்டி

துரு எப்படி உண்டாகிறது என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. இரும்பு, ஈரம், காற்று என்று பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். எந்த கிரீஸ் எங்கே, எந்த எண்ணெய் எப்போது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ராணுவ வண்டிகளை மழை கெடுத்ததைவிட, மழைக்குப் பயந்து நாம் செய்த காரியங்கள் கெடுத்ததுதான் அதிகம். தாம்பரம் பக்கத்து ராணுவ வண்டி டிப்போ ஒன்றில் சிவிலியன் சூப்பர்வைசராக இருந்து தலை நரைத்தவன் சொல்கிறேன். உங்களில் சிலருக்கு இது கசக்கும். கசக்கட்டும்.

முதலில் ஒரு சின்னக் கதை. வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த ஹவில்தார் ஒருவர், ஐப்பசி மழை வருகிறதே என்று தன் பொறுப்பிலிருந்த ஜீப்பைத் தார்ப்பாயால் போர்த்தி, கொசு நுழைய இடமில்லாமல் கயிற்றைப் போட்டு இறுக்கிவிட்டார். மழைக்காலம் முடிந்து அவிழ்த்தபோது உள்ளேயிருந்து குப்பென்று நாற்றம். மண்ணிலிருந்து ஏறிய ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே வேர்த்து வேர்த்து, சீட்டுக்கு அடியில் தகடு செதில் செதிலாக உரிந்து வந்தது. பக்கத்தில் வெட்டவெளியில் நனைந்துகொண்டே நின்ற கிழட்டு ஜீப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. “இதற்கு நான் சும்மாவே இருந்திருக்கலாம் போலிருக்கிறதே” என்று இந்தியில் நொந்துகொண்டார். ஆமாம் என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

வண்டிக்குள் தண்ணீர் வரத்தான் செய்யும். கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாக வரும், பேட்டரிப் பெட்டியின் மூடி வழியாக வரும், சேஸிஸ் சட்டங்களின் இணைப்பு வழியாக வரும். அதை யாராலும் தடுக்க முடியாது. அதனால்தான் வண்டியைச் செய்தவர்கள் கதவுக்கு அடியிலும் பெட்டிக்கு அடியிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். வந்த தண்ணீர் அந்த வழியே போய்விட வேண்டும். மழை விட்ட பிறகு வரிசையாக நிற்கும் லாரிகளின் ஓரமாக நடந்து போனால், ஒவ்வொன்றின் அடியிலும் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருப்பது தெரியும். சொட்டுகிற வண்டி நல்ல வண்டி. இனி நான் சொல்லப்போவது சொட்டாமல் நின்ற ஆறு லாரிகளைப் பற்றி.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மகளின் நிக்காஹுக்காக ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, கையில் மருதாணி வாசனையும் வயிற்றில் பிரியாணியுமாக இரும்புலியூரிலிருந்து டிப்போவுக்குத் திரும்பினேன். மறுநாள் காலையில் ஜெனரலின் வருடாந்திர இன்ஸ்பெக்‌ஷன். எங்கள் டிப்போவில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் கல்யாண வீடு தோற்றுவிடும். பாதையோரக் கல்லுக்கெல்லாம் காவியும் சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. வேப்பமரங்களுக்கு இடுப்பு வரை வெள்ளைப் பாவாடை கட்டியாகிவிட்டது. முன்வரிசையில் ஆறு லாரிகள் ஆலிவ் பச்சையில் அப்போதுதான் பிறந்தவை போல நின்றன. மழைக்காலத்தில் ஊருக்குள் வெள்ளம் வந்து கலெக்டர் ஆபீஸிலிருந்து உதவி கேட்டால், எந்த நேரமானாலும் உடனே கிளம்ப வேண்டிய வண்டிகள் அவை ஆறும்.

அவற்றுக்கு வர்ணம் அடித்தவன் செல்வம். பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருக்காரன், ஒப்பந்தக் கூலியில் எங்களிடம் பல வருஷமாக ஸ்ப்ரே பெயிண்டர். ராணுவப் பச்சை பளபளக்கக் கூடாது, வெயில் பட்டாலும் மின்னக் கூடாது. அந்த மங்கல் பச்சையை ஒரே சீராக அடிக்க இந்தப் பக்கத்திலேயே அவனை விட்டால் ஆளில்லை. அந்த வருஷம் டிப்போவில் நிரந்தரப் பெயிண்டர் வேலை ஒன்று காலியாக இருந்தது. இன்ஸ்பெக்‌ஷனில் வர்ணத்துக்கு நல்ல பேர் வாங்கிவிட்டால், அதையே காரணமாகக் காட்டி அவனுக்குச் சிபாரிசு எழுதுவதாக எங்கள் மேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். இது டிப்போ முழுக்கத் தெரியும். செல்வத்தின் பெண்டாட்டி அதற்குள் பாடிகாட் முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டும் ஆயிற்று.

அன்று விடியலில் கொட்டிய மழை, நான் போய்ச் சேர்ந்தபோது விட்டிருந்தது. பழக்கதோஷம், கையெழுத்துப் போடக்கூட உள்ளே போகாமல் முன்வரிசைப் பக்கம் நடந்தேன். பச்சை அபாரமாக இருந்தது, மனசார மெச்சினேன். மூன்றாவது லாரியைத் தாண்டும்போதுதான் ஏதோ உறுத்தியது. கீழே பார்த்தேன். தரை சுற்றிலும் ஈரம், லாரியின் அடியில் மட்டும் பொடி மண் உலர்ந்து கிடக்கிறது. ஒரு சொட்டு இல்லை. அடுத்த லாரி, அதற்கடுத்தது, எதுவுமே சொட்டவில்லை. ஒரு கதவைத் திறந்து லேசாக ஆட்டினேன். இளநீரைக் காதோரம் வைத்து ஆட்டினால் வருமே, அதே களக் களக். பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். பேட்டரி முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறது என்று சொல்லலாம், அதற்கு முழங்கால் இருந்தால்.

செல்வத்தைக் கூப்பிட்டேன். கல்யாணம் விசாரித்துக்கொண்டே சிரித்தபடி வந்தான்.

“இன்னா பாய், கல்யாண சாப்பாடு போட்டு ஊரையே மயக்கிட்டியாமே?”

“அத விடு. இந்த ஓட்டையெல்லாம் எங்க?”

“அதுவா? அடச்சாச்சி” என்றான் பெருமையாக. “மொத கோட்டு அடிச்ச அன்னிக்கே மழை. எல்லா ஓட்டையிலேர்ந்தும் துருத்தண்ணி ஒழுவி, பச்ச மேல பழுப்பு பழுப்பா கோடு. அழுத மூஞ்சி மாதிரி ஆயிட்ச்சி பாய். மேஜர் சாரு தலையில கைய வெச்சிகினாரு. அப்பால ஆபீஸ்ல எல்லாரும் சேந்து பேசி, ஓட்டைய பட்டி வெச்சி அடைக்க சொல்லிட்டாங்க. இப்ப பாரு, ஒரு கோடு கீதா?”

கோடு இல்லைதான். கறை தெரிகிறது என்று கறை வரும் வழியை அடைத்துவிட்டார்கள். வயிற்றில் இருப்பது அப்படியே இருக்கட்டும், வாயைத் துடைத்தால் போதும் என்று முடிவு செய்ததைப் போல. இதில் யாரையும் முட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கூட்டத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து கறையைப் பற்றியே பேசினால், தண்ணீரைப் பற்றிப் பேச அங்கே ஆளிருக்காது. நீங்களும் நாளைக்கு அப்படி ஒரு கூட்டத்தில் உட்காருவீர்கள்.

நேராக மேஜரிடம் போனேன். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். எவ்வளவு கோபம் வந்தாலும் பேச்சிலிருந்து ‘ங்க’ போகாது. முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“சரிங்க பாய், நீங்க சொல்றது நியாயந்தானுங்க. ஆனா ஒரு நாள்தானுங்களே? நாளைக்கு மதியம் ஜெனரல் கெளம்பிப் போனதும் தெறந்துக்கலாமுங்க. ஒரு நாள்ல இரும்பு உருகிப் போயிருமுங்களா?”

“உருகாது சார். ஆனா பேட்டரி தண்ணில நிக்குது. டெர்மினல்ல உப்புப் பூக்க ஆரம்பிச்சாச்சு. இன்னிக்கு ராத்திரி ஏரி உடைஞ்சு கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து போன் வந்தா, ஆறு வண்டியில எத்தனை ஸ்டார்ட் ஆகும்னு என்னால கையெழுத்துப் போட முடியாது.”

“இப்பவே தண்ணிய வடிச்சுட்டு, நாளை மதியம் வரைக்கும் திரும்ப அடைச்சு வெச்சா?”

நல்ல யோசனை. நானே வரும் வழியில் யோசித்ததுதான். நடுவழி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு எங்கள் டிப்போவைத் தெரியும். தற்காலிகம் என்று சொல்லிப் போட்ட ஒரு தகரக் கொட்டகை, நான் ஓய்வு பெற்ற அன்று அதன் கீழேதான் எனக்கு மாலை போட்டார்கள். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த பிறகு டிப்போவில் ஆளைத் தேடுவது, கல்யாணம் முடிந்த பந்தலில் சமையல்காரரைத் தேடுகிற மாதிரி. ‘பாஸான’ வண்டியில் டிரில்லை வைக்க அப்புறம் யாரும் துணிய மாட்டார்கள். போதாததற்குத் தென்கிழக்கில் வானம் கருகருவென்று கட்டிக்கொண்டு நின்றது. திரும்ப அடைத்தால் பொழுது விடிவதற்குள் திரும்ப நிறையும். இதையெல்லாம் சொன்னேன்.

மேஜர் ஜன்னல் வழியாக அந்தப் பச்சை வரிசையைப் பார்த்தார்.

“வண்டி உங்க பொறுப்புங்க. தெறக்கறதுன்னா தெறந்துக்குங்க, நான் தடுக்க மாட்டேனுங்க. ஆனா செல்வத்துக்கு நான் ஒரு வாக்குக் குடுத்திருக்கேனுங்க. அத நீங்கதான் அவன்கிட்டச் சொல்லோணும்.”

இதுதான் உங்களுக்கு நான் சொல்ல வந்த இடம். துருவைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை, கண்ணும் காதும் இருந்தால் போதும். கண்டுபிடித்த பிறகு ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும். அதற்கு எந்தக் கையேட்டிலும் அத்தியாயம் கிடையாது.

செல்வம் வேப்பமரத்தடியில் பீடியைப் பற்றவைக்காமல் விரலிடுக்கில் வைத்தபடி நின்றிருந்தான். நான் வாயைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது அவனுக்கு.

“தொறக்க போற. அதான?”

“ஆமா செல்வம்.”

“நாளிக்கு ஒரு நாள் பாய். ஒரே நாள். இந்த கலர தொடச்சாலும் பளபளன்னு திட்டு நிக்கும், டச்சப் பண்ணாலும் தனியா தெரியும். மழை பேஞ்சா ஒன்னியும் மறைக்க முடியாது, உனுக்கே தெரியும். இந்த வேல கெட்ச்சா எம் பொண்ண காலேஜ்ல சேக்கலாம்னு வூட்ல பேசி வெச்சிகினு கீறோம். லாரிக்கு நாளிக்கு ஒன்னியும் ஆவாது. எனுக்குத்தான் பாய் ஆவும்.”

அவன் சொன்னதில் ஒரு பிழை கிடையாது. அன்று ராத்திரி வெள்ளம் வரும் என்று எனக்கு யாரும் ஓலை அனுப்பவில்லை. வராமலும் போகலாம். வராவிட்டால் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டவன் என்ற பேர்தான் எனக்கு மிஞ்சும். ஆனாலும் என் மனசில் இரண்டு பக்கத்துக்கும் தராசு ஆடவில்லை. அந்த ஆறு லாரிகளும் யாரோ முகம் தெரியாத ஆறு தெருக்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நிற்கின்றன. வர்ணத்துக்காக அந்த வாக்கை ஒரு நாள் தள்ளிவைக்க எனக்கு அதிகாரம் இல்லை.

“எனக்கு வேற வழி தெரியல, செல்வம்” என்றேன். “ஸ்டோர்ல டிரில் வாங்கிட்டு வரேன்.”

டிரில்லோடு முதல் லாரியின் கதவடியில் குந்தினேன். என் கை அந்தப் பச்சைக்கு அருகே போனதும் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

“யோவ், யோவ், நிறுத்துயா! அப்டி புட்ச்சி குத்துனா சுத்தி இருக்கற பெயிண்டு மொத்தமும் செதிலா பேத்துகினு வரும். என் பட்டி இன்னா சாதா பட்டியா, கல்லு! நவுரு.”

டிரில்லைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். ஓட்டை இருந்த இடத்தைச் சுற்றிக் காகித டேப் ஒட்டினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நேராக, மெதுவாக இறக்கினான். பழுப்புத் தண்ணீர் அவன் மணிக்கட்டில் வழிந்து சட்டைக்குள் ஓடியது. கதவு, பெட்டி, சட்டம், அடுத்த லாரி. பொழுது சாயும்வரை எல்லாவற்றையும் அவனே திறந்தான். என்னை ஒன்றைக்கூடத் தொட விடவில்லை. நான் பேட்டரிகளை வெளியே எடுத்து டெர்மினலைச் சுரண்டித் துடைத்துக் கிரீஸ் வைத்தேன். கடைசி லாரியை முடித்ததும் டிரில்லை என் காலடியில் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் ஜிஎஸ்டி ரோடு ஏறும் முன்பே மழை பிடித்துக்கொண்டது.

காலையில் ஜெனரல் வந்தார். ஆறு லாரிகளும் அழுத மூஞ்சியோடு அட்டென்ஷனில் நின்றன. முதல் லாரியின் முன்னால் நின்றவர், கதவுக்கு அடியில் இறங்கிய பழுப்புக் கோட்டில் ஒரு விரலை வைத்து இழுத்து, அந்த விரலைப் பார்த்தார். யார் பொறுப்பு என்று கேட்டார். நான் ஓரடி முன்னால் போய், தண்ணீர் வெளியே வர நேற்றுதான் வழி திறந்தோம், அதன் கறை இது என்றேன். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்த லாரிக்குப் போனார். மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. ஆனாலும் ஒரு ‘சரி’யாவது வரும் என்று இருந்தது உண்மை.

வண்டிகளின் வர்ணம் திருப்திகரமாக இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. நிரந்தர வேலை வேறொருவருக்குப் போயிற்று. மேஜர் என்னைத் திட்டவில்லை. “உங்க வேலைய நீங்க செஞ்சீங்க. அவன் பொழப்புக்கு யாருங்க பதில் சொல்றது?” என்று மட்டும் கேட்டார். செல்வம் கடைசிவரை ஒப்பந்தக் கூலியாகவே எங்களிடம் இருந்தான். அதை நினைத்தால் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் மறுபடி அதே நாள் வந்து நின்றால் மறுபடியும் ஸ்டோருக்குப் போய் டிரில்லைத்தான் வாங்குவேன். சரியான முடிவு எடுத்தால் எல்லாம் நல்லபடி முடியும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். சரியான முடிவுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுப்பார். அது யார் என்று தெரிந்துகொண்டே எடுங்கள்.

அதன் பிறகு செல்வம் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனான். பழைய ‘இன்னா பாய்’ இல்லை. அந்த மழைக்காலமோ லேசில் விடுவதாக இல்லை. ஒரு நாள் நண்பகலில் போன் வந்தது. பீர்க்கன்கரணை ஏரி நிரம்பிக் கரை மீறுகிறது, கீழ்த்தெருக்களில் இடுப்பளவு தண்ணீர், லாரிகளை அனுப்புங்கள் என்றார்கள். மேஜர் மழையிலேயே முன்வரிசைக்கு ஓடி வந்தார். டிரைவர்கள் ஏறினார்கள். நான் அல்லாஹ்வை நினைத்துக்கொண்டு நின்றேன். முதல் லாரி ஒரே சாவியில் உறுமியது. இரண்டாவதும் அப்படியே. ஆறும் கிளம்பின. வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள் பெரியவர்கள். நாங்கள் அணையை உடைத்து வைத்திருந்தோம். மேஜர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, “ஏறுங்க பாய், நீங்களும் போங்க” என்றார்.

நான் ஏறியது முதல் லாரியில், டிரைவர் பக்கத்தில். ஏரிக்கரைத் தெருவுக்குள் திரும்பியதும் தெரு எது, கால்வாய் எது என்று தெரியவில்லை. பானெட் முன்னால் தண்ணீர் அலையடித்தது, கதவு இடுக்கு வழியாக என் காலடிக்கும் வந்துவிட்டது. வீடுகளின் மாடிப்படிகளில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். நாலாவது வீட்டின் படியில், தலையில் டிவிப் பெட்டியும் கையில் பெண்ணின் கையுமாக நின்றவன் செல்வம். அவன் மனைவி நெஞ்சோடு ஒரு கோழியை அணைத்திருந்தாள்.

என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, லாரியைப் பார்த்தான். எந்த லாரி என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? மகளைத் தூக்கிக் கொடுத்தான், மனைவியை ஏற்றிவிட்டான், டிவியைக் கொடுத்தான், அக்கம்பக்கத்துக் கிழவர்களை ஏற்றிவிட்டுக் கடைசியாகத் தானும் ஏறிக்கொண்டான். லாரி ரிவர்ஸிலேயே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நகர்ந்தது. இன்ஜின் ஒரு தடவைகூட இருமவில்லை.

ஜிஎஸ்டி ரோட்டின் மேட்டில் ஏறி, பெருங்களத்தூர் ஸ்கூல் வாசலில் நின்றோம். நான் இறங்கி, பின்பக்கம் போய் அவன் பெண்ணை இறக்கக் கை நீட்டினேன். செல்வம் அங்கே இல்லை. அவன் ஏற்கெனவே குதித்து, நான் இறங்கிய கதவுக்கு அடியில் நனைந்தபடி குந்தியிருந்தான். கதவு குடித்திருந்த ஏரித்தண்ணீரெல்லாம் அடியிலிருந்து நூல் பிடித்தது போல நேராக ஊற்றிக்கொண்டிருந்தது. பச்சை முழுக்கச் சேறு. அவனுடைய அந்த அருமையான வர்ணம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல், “பெயிண்ட் போச்சே, செல்வம்” என்றேன்.

“பெயிண்டு கெடக்குது பாய்” என்றான், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல். விரலை நீட்டித் தண்ணீர் வரும் இடத்தைத் தடவினான். “ஓட்டைய பாரு. எம்மாம் ரவுண்டா கீது!”